ரோல் அறையில் ஓடிய சீக்கோ

வெள்ளிக்கிழமை என்பதை எழுத்தாக நான் முதலில் கண்டது அறபு மொழியில். அப்பாவின் இடது கையில் இருந்த, சீக்கோ என்ற ஜப்பானியக் கொம்பனியின் சீக்கோ 5 கடிகாரத்தில், மூன்று மணிக்குரிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு சாளரம் இருந்தது; அதில் தேதிக்கு இலக்கமும், கிழமைக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எவராலும் வாசிக்க முடியாத வளைந்த எழுத்தும் தெரியும். இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் நாங்கள் வழக்கமாக அரிசி பருப்பு வாங்கும் கடையின் முஸ்லிம் நானா ஒருநாள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒங்க வாச்சே இன்னைக்கு ஜும்ஆன்னு சொல்லுதேண்ணே" என்றபோதுதான் அது ஒரு சொல் என்பதே எனக்குப் புரிந்தது.

கிழமையை அறபில் வைத்துக் கொடுத்தவர் என் அத்தை. 1985இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியாவின் ஜித்தாவுக்குப் போய், இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து 1987இல் திரும்பியபோது தன் அண்ணனுக்கென்று வாங்கி வந்த கடிகாரம் அது. வளைகுடாச் சந்தைக்காகச் செய்யப்பட்ட சீக்கோக்களின் கிழமைத் தகட்டில் ஒவ்வொரு நாளும் இருமுறை, ஆங்கிலத்தில் ஒன்றும் அறபில் ஒன்றுமாக, அச்சிடப்பட்டிருக்கும். எந்த மொழியில் வைக்கிறோமோ அதிலேயே நிற்கும். நள்ளிரவைத் தாண்டி நாள் மாறும்போது மட்டும் மற்ற மொழியைச் சிறிது நேரம் காட்டிவிட்டு நகரும். அத்தைக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஜித்தாவில் சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துப் பார்த்து, ஏழு நாட்களின் அறபு எழுத்துகளையும் அடையாளம் காணப் பழகியிருந்தார். ஆகவே தனக்கு வாசிக்கத் தெரிந்த மொழியில் கிழமையை வைத்துத் தந்தார். அப்பா கடைசிவரை அதை மாற்றவில்லை.

சீக்கோவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1969இல் வெளிவந்த, பட்டரியால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் தொடங்கி, சுவிட்சர்லாந்தின் தொழிற்சாலைகள் மூடப்பட்டதில் முடிக்கிறார்கள். அது பெரிய கதைதான். ஆனால் அந்தக் கொம்பனி என் அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்த வழி வேறு. விலை குறைந்த ஒரு கடிகாரத்துக்குள் தன்னிடமிருந்த நல்லவற்றையெல்லாம் வைத்துவிட வேண்டும் என்று 1963இல் எடுத்த முடிவும், குவார்ட்ஸ் வந்த பிறகும் அந்தக் கடிகாரத்தைக் கைவிடாத பிடிவாதமும் இல்லையென்றால், சீக்கோ என்ற பெயர் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயன்களுக்குள் நுழைந்திருக்காது. அவற்றைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அதற்கு முன், ரோல் அறையில் ஒரு கைக்கடிகாரத்துக்கு என்ன வேலை என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பா வேலை செய்தது ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தின் ஸ்டோரில், கொழுந்தை உருட்டும் ரோல் அறையில் தொழிலாளியாகச் சேர்ந்து, பிற்காலத்தில் அந்த அறையின் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்பவராக இருந்தார். தேயிலை நேரத்தால் ஆகும் பண்டம். பறித்த கொழுந்து மேல்மாடியில் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வாட வேண்டும். வாடிய கொழுந்து உருட்டும் இயந்திரத்துக்குள் விழுந்த நிமிடத்திலிருந்து புளிக்கும் நேரம் எண்ணப்படும். ஒவ்வொரு சுற்றும் ஏறத்தாழ அரை மணித்தியாலம்; ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சலித்தெடுக்கும் பகுதி முதல் தூள், இரண்டாம் தூள் என்று தனித்தனியாகப் பரப்பப்பட்டு, தனித்தனி நேரத்தில் பக்குவத்துக்கு வரும். தூள் என்ற எங்கள் சொல்லையே ஆங்கிலத் தேயிலைத் தொழில்நூல்களும் அப்படியே எடுத்து வழங்குகின்றன என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. புளிப்பு மிஞ்சினால் வாசம் போய்விடும். போதாவிட்டால் பச்சை வாடை அடிக்கும். பிறகு சூட்டு அறையில் சுமார் இருபது நிமிடம். இத்தனை நேரங்களும் ஒரு கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதப்பட்டிருக்கும்.

அந்த அறையில் சுவர்க் கடிகாரம் இருந்தது, தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் கண்ணாடித் தடுப்புக்குள். தொழிலாளியின் நேரம் எப்போதும் வேறு எவருடைய கையிலோ இருந்துவந்தது. தாத்தா காலத்தில் விடியற்காலையில், பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்காகத் தப்புப் பறை அடிப்பார்கள். அது காதில் விழுந்ததும் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும், பிந்தினால் அன்றைக்குப் பெயர், அதாவது நாள் சம்பளம், இல்லை. அப்பா காலத்தில் தப்பின் இடத்தில் ஸ்டோரின் சங்கு ஊதியது. நேரத்தையே தோட்டத்துக்கென்று தனியாக வைத்துக்கொண்ட இடங்களும் உண்டு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாட்டின் பொது நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திய 'பாகான் நேரம்' வழங்குகிறது. எங்கள் பக்கத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும், மணி என்ன என்று கேட்பவன் தொழிலாளியாகவும் சொல்பவர் கணக்கப்பிள்ளையாகவும் கிளாக்கராகவும் இருந்த காலம் நெடியது. அவர்களிடம் இருந்தவை சாவி கொடுத்து ஓடும் சுவிஸ் கடிகாரங்கள். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், அவற்றையும் புதிதாக வாங்குவது எளிதாக இருக்கவில்லை.

இனி ஜப்பானுக்குப் போகிறேன்.

ஹத்தோரி கிந்தாரோ 1860இல் டோக்கியோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே கடைகளில் எடுபிடியாக இருந்து கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு, 1881இல், இருபத்தொரு வயதில், தன் பெயரில் ஒரு கடை திறந்தார். அக்காலத்து ஜப்பானில் நல்ல கடிகாரங்கள் யாவும் யோகோஹாமா துறைமுகத்தில் இருந்த வெளிநாட்டு வணிகர்கள் வழியாகவே வந்தன. உள்ளூர்க் கடைக்காரர்கள் பலர் தவணையை இழுத்தடிப்பது வழக்கமாக இருந்த இடத்தில், ஹத்தோரி சொன்ன நாளில் பணத்தைக் கட்டினார். அதனால் புதிய சரக்கு வந்தால் முதலில் அவருக்குக் காட்டப்பட்டது. கடனும் கூடுதலாகக் கிடைத்தது. தோட்டத்துக் கடையில் பற்றுப் புத்தகத்தோடு வளர்ந்த எனக்கு, இந்தக் கொம்பனியின் முதல் மூலதனம் தவணை தவறாமை என்பது உடனே விளங்கியது. சம்பள நாளில் கணக்கை முழுதாகத் தீர்க்கிறவரின் வீட்டுக்குக் கடைக்காரர் எப்படிச் சாமான் கொடுப்பார் என்று பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

விற்பனையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு 1892இல் சேய்கோஷா என்ற தொழிற்சாலையைத் தொடங்கினார். யோஷிகாவா சுருஹிகோ என்ற திறமையான பொறியாளர் உடன் இருந்தார். முதலில் சுவர்க் கடிகாரம், 1895இல் சட்டைப்பைக் கடிகாரம், 1913இல் 'லாரல்' என்ற பெயரில் ஜப்பானின் முதல் கைக்கடிகாரம். கைக்கடிகாரத்தை அணிபவர்கள் அரிதாக இருந்த காலத்தில், நாளொன்றுக்குச் சில பத்துக் கடிகாரங்களை மட்டுமே செய்ய முடிந்த நிலையிலும் அதைச் செய்தார்கள்.

1923 செப்டெம்பர் முதலாம் திகதி டோக்கியோவைப் பெரும் நிலநடுக்கமும் அதையொட்டிய தீயும் அழித்தன. சேய்கோஷா எரிந்துபோனது. பழுதுபார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த ஏறத்தாழ 1,500 கடிகாரங்களும் அந்தத் தீயில் போயின. தொழிற்சாலையையே இழந்த ஒருவர் அதற்குப் பொறுப்பேற்க மறுத்திருந்தால் எவரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஹத்தோரியோ, இழந்தவர்கள் வந்து சொல்லுமாறு அறிவித்து, ஒவ்வொருவருக்கும் அதற்கீடான புதுக் கடிகாரத்தைக் கொடுத்தார். எரிந்த இடத்தில் மீண்டும் எழுப்பிய பட்டறையிலிருந்து 1924இல் வெளிவந்த கைக்கடிகாரத்தின் முகப்பில்தான் 'சீக்கோ' என்ற பெயர் முதன்முதலாக அச்சிடப்பட்டது. கொம்பனிகள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளை நான் எளிதில் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் இந்தக் கதையை வாசித்த இரவில் அப்பாவின் கடிகாரத்தை எடுத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொம்பனியின் அடுத்த திருப்பம் ஒரு மலைநாட்டில் நடந்தது. நாகானோ மாகாணத்தின் சுவா ஏரி, கடல் மட்டத்திலிருந்து 750 மீற்றருக்கு மேல், மலைகள் சூழ இருக்கிறது. கடிகாரம் அங்கே வருவதற்கு முன் அந்த வட்டாரம் பட்டு நூல் ஆலைகளால் பிழைத்தது; ஆலைகளில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 1942இல் யமசாக்கி ஹிசாவோ என்ற உள்ளூர்க் கடிகாரக் கடைக்காரர், மிசோ என்ற சோயாக் கூழ் சேமித்து வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றைப் புதுப்பித்து, ஒரு சிலரோடு கடிகார உதிரிப்பாகங்களைச் செய்யத் தொடங்கினார். போர் முற்றிய காலத்தில், டோக்கியோவிலிருந்த, ஹத்தோரி குடும்பத்தின் கைக்கடிகாரக் கொம்பனியான டைனி சேய்கோஷா தன் இயந்திரங்களின் ஒரு பகுதியைப் பாதுகாப்புக்காக அங்கே நகர்த்தியது. போர் முடிந்த பிறகு அவற்றில் பெரும்பகுதி அங்கேயே தங்கி, 1959இல் சுவா சேய்கோஷா என்ற தனிக் கொம்பனியாக உருவெடுத்தது.

இங்கேதான் இந்த வணிக வரலாற்றின் மிகக் கூர்மையான ஏற்பாடு இருக்கிறது என்பது என் எண்ணம். டோக்கியோவில் டைனி, மலையில் சுவா. இரண்டும் ஒரே ஹத்தோரி குடும்பத்தின் கடைக்கே கடிகாரம் கொடுத்தன, இரண்டின் முகப்பிலும் சீக்கோ என்றே எழுதியிருந்தது. ஆனால் இரண்டும் தனித்தனியே வடிவமைத்து, தனித்தனியே இயந்திரம் செய்து, ஒன்றை ஒன்று முந்தப் போட்டியிட்டன. 1956இல் சுவா 'மார்வல்' என்ற கடிகாரத்தால் முன்னேறியது. 1960இல் சுவா 'கிராண்ட் சீக்கோ'வை வெளியிட்டதும், 1961இல் டைனி 'கிங் சீக்கோ'வோடு வந்து நின்றது. அண்ணனும் தம்பியும் ஒரே மலையில் யார் அதிகம் கொழுந்து எடுப்பது என்று போட்டியிட்டால் இரண்டு நிறுவையும் ஒரே வீட்டுக்கு வருவதைப் போல, எவர் வென்றாலும் இலாபம் ஒரே பெயருக்குச் சேர்ந்தது. வெளியிலிருந்து ஒரு போட்டியாளர் வந்து எழுப்பிவிட வேண்டிய நிலை சீக்கோவுக்கு ஏற்படாமல் போனதற்கு இந்த உள்வீட்டுப் போட்டியே பெரிய காரணம்.

1959இல் சுவாவில் உருவான ஒரு சிறு உறுப்பை இங்கே விளக்கியாக வேண்டும், ஏனென்றால் அப்பாவின் கடிகாரத்துக்குள்ளும் அது இருக்கிறது. தானாகச் சாவி ஏறும் கடிகாரத்தில் அரைவட்டமான ஒரு சுழல் எடை, கை அசையும்போதெல்லாம் இருபக்கமும் சுற்றும். வில்லைச் சுருக்கும் சக்கரமோ ஒரு பக்கம் மட்டுமே சுற்ற வேண்டும். இருபக்கச் சுழற்சியை ஒரு பக்கமாக மாற்றுவதற்குச் சுவிஸ் கொம்பனிகள் பல பற்சக்கரங்களைக் கொண்ட நுணுக்கமான ஏற்பாடுகளைச் செய்திருந்தன. அவை நன்றாக வேலை செய்தன, விலையும் அதிகம். சுவாவின் பொறியாளர்கள் இரண்டு கொக்கிக் கரங்களுள்ள ஒரேயொரு மெல்லிய நெம்பை வைத்தார்கள். எடை ஒரு பக்கம் சுற்றினால் ஒரு கரம் சக்கரத்தைத் தள்ளும், மறுபக்கம் சுற்றினால் மற்றக் கரம் அதே திசையில் இழுக்கும். 'மேஜிக் லீவர்' என்று பெயர். உறுப்புகள் குறைவு, செய்யும் செலவும் குறைவு, பழுதும் குறைவு. விலையுயர்ந்த கடிகாரங்களுக்கு மட்டும் இருந்த தானியங்கி வசதியைக் கூலிக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது அந்த நெம்புதான்.

அதை அடித்தளமாக வைத்து 1963இல், சீக்கோ 5 வரிசையின் முதல் கடிகாரமான 'ஸ்போர்ட்ஸ்மேட்டிக் 5' வந்தது. அந்த ஐந்து என்பது ஐந்து வாக்குறுதிகள்: தானாகச் சாவி ஏறுதல், கிழமையும் தேதியும் ஒரே சாளரத்தில் தெரிதல், நீர் புகாமை, திருகும் தலை நான்கு மணிப் பக்கத்தில் உள்ளடங்கி இருத்தல், எளிதில் சேதமாகாத கூடும் பட்டியும். இவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது எனக்கு ரோல் அறைதான் நினைவுக்கு வரும். தலை உள்ளடங்கி இருப்பதால் உருட்டும் இயந்திரத்தின் விளிம்பில் கை இடித்தாலும் ஒடியாது. நீர் புகாது என்பதால் வாரக்கணக்கில் விடாத பருவமழையில் நனைந்து வீடு வந்தாலும் கண்ணாடிக்குள் ஆவி படியாது. சாவி கொடுக்க வேண்டியதில்லை என்பதால், இரவு முறைக்குப் போகிறவர் அதை நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. ஜப்பானிய இளைஞர்களை மனதில் வைத்துச் செய்த கடிகாரம், அவர்களை அறியாத ஒரு மலைத் தொழிலாளிக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கைவேலை செய்கிறவரின் கை எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இடிபடுகிறது, நனைகிறது என்பதை அந்தப் பொறியாளர்கள் அறிந்திருந்தார்கள்.

மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நேரம் அளக்கும் பொறுப்பைச் சீக்கோ ஏற்றது. சில வருடங்களுக்கு முன் ஓர் அலமாரி அளவு பெரிதாக இருந்த குவார்ட்ஸ் கடிகாரத்தை மூன்று கிலோ எடைக்குச் சுருக்கி அங்கே கொண்டுவந்தார்கள். அந்த விளையாட்டுகள் 1964 ஒக்டோபர் 24ஆம் திகதி நிறைவுபெற்றன. அதற்கு ஆறு நாள் கழித்து, ஒக்டோபர் 30ஆம் திகதி, புதுடில்லியில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. எந்த நாட்டின் பிரஜாவுரிமையும் இல்லாமல் நாடற்றிருந்த எங்கள் மலையகத் தமிழ் மக்களில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டார்கள். செக்கனின் நூறில் ஒரு பங்கை அளப்பதைப் பற்றி உலகம் வியந்த அந்த மாதத்தில் எங்கள் வீடுகளில் இருந்த கணக்கு வேறு. அந்தக் கணக்கு தீர்ந்து, பிரஜாவுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே அத்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்க முடிந்தது. அது இல்லாமல் ஜித்தா இல்லை, ஜித்தா இல்லாமல் இந்தக் கடிகாரமும் இல்லை.

குவார்ட்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லோரும் அறிந்ததே. 1960களில் சுவிட்சர்லாந்தின் நூஷாத்தல், ஜெனீவா வானாய்வகங்கள் நடத்திய துல்லியப் போட்டிகளில் சீக்கோ ஆண்டுதோறும் கலந்துகொண்டு, 1967இல் நூஷாத்தலில் இரண்டாம், மூன்றாம் இடங்களுக்கு ஏறியது. 1969 டிசெம்பர் 25ஆம் திகதி உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான 'அஸ்ட்ரான்' டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. விலை 450,000 யென். ஒரு டொயோட்டா கொரோலா காரின் விலைக்குச் சமம். மாதத்துக்கு ஐந்து செக்கன் மட்டுமே முன்பின்னாகும். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழிலில் இருந்த ஏறத்தாழ 90,000 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் வேலை இழந்தார்கள். குவார்ட்ஸ் மலிந்து மலிந்து கடைசியில் ஹொங்கொங்கில் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் கடிகாரமாக எங்கள் ஊர்த் திருவிழாக் கடைகளுக்கே வந்தது. அந்த விலைச் சரிவு சீக்கோவையும் அடித்தது.

குறைவாகப் பேசப்படுவது இதற்குப் பின் நடந்தது. பட்டரியின்றி வில்லால் ஓடும் சீக்கோவின் பொறிக் கடிகாரங்களில் உச்சியில் இருந்த கிராண்ட் சீக்கோவும் கிங் சீக்கோவும் 1970களின் நடுப்பகுதியில் நிறுத்தப்பட்டன. கிராண்ட் சீக்கோவில் பொறிக் கடிகாரம் மீண்டும் வந்தது 1998இல்தான். அந்த இடைக்காலம் முழுவதும், அடித்தட்டில் இருந்த சீக்கோ 5 நிற்கவில்லை. தென்கிழக்காசியா, தென்னாசியா, மத்திய கிழக்கு, தென்னமெரிக்கா என்று, பட்டரி எளிதில் கிடைக்காத, பட்டரி மாற்றும் கடை தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. பணக்காரருக்காகச் செய்த பொறிக் கடிகாரங்கள் ஓய்ந்துவிட, கூலிக்காரருக்காகச் செய்ததே அந்தக் கலையைத் தொழிற்சாலைக்குள் உயிரோடு வைத்திருந்தது. இன்று சேகரிப்பாளர்கள் சீக்கோவின் பொறிக் கடிகாரங்களைக் கொண்டாடும்போது இதை ஒருவரியிலாவது குறிப்பிட வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

எங்கள் தோட்டத்துக்கும் அது பொருந்திய கணக்கே. 1980களில் எங்கள் லயனிலிருந்து ஒரு பட்டரி வாங்குவதற்குக்கூட பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். அதற்கு ஒரு நாள் பெயர் போகும். அப்பாவின் கடிகாரத்துக்குள் இருக்கும் 7009 என்ற இயந்திரத்துக்குப் பட்டரியும் வேண்டாம், கையால் சாவி கொடுக்கும் வசதியும் கிடையாது. கட்டி நடந்தால் ஓடும். கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குள் நின்றுவிடும். தலையை ஒரு படி இழுத்து ஒரு பக்கம் திருகினால் தேதியும் மறுபக்கம் திருகினால் கிழமையும் மாறும். செக்கன் முள்ளை நிறுத்தி வைக்க முடியாது என்பதால், வானொலிச் செய்திக்கு முன் வரும் சமிக்ஞையைக் கேட்டு நிமிட முள்ளை மட்டும் சரிசெய்வார். நாளுக்குச் சில செக்கன் கூடும். மாதம் ஒருமுறை திருத்தினால் போதுமாக இருந்தது.

1996 மே மாதம் மின்சார நெருக்கடி காரணமாக நாட்டின் நேரத்தை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. பழைய நேரத்துக்கு நாடு திரும்பியது 2006 ஏப்ரலில். அந்தப் பத்து வருடமும் 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேட்காமல் எந்த நல்ல காரியத்துக்கும் முகூர்த்தம் குறிக்க முடியாது. புது நேரத்தில் பெரட்டுக்குப் போகிறவர்கள் இருட்டில் தட்டுத் தடுமாறி இறங்கினார்கள். ஆனால் ரோல் அறையில் ஒன்றும் மாறவில்லை என்று அப்பா சொல்வார். கொழுந்துக்கு எத்தனை மணி என்பது தேவையில்லை, எத்தனை நிமிடம் என்பதே தேவை. கரும்பலகையின் ஓரத்தில் அவர் பதித்த தொடக்க நேரங்களுக்குப் பொறுப்பு அந்தக் கடிகாரம், டீமேக்கர் ஐயா தடுப்புக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "உங்க வாச்சுல எத்தனை?" என்று அப்பாவிடம் கேட்டதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது, மத்தியானச் சோறு கொண்டு போயிருந்தேன். அப்பா கையை உயர்த்தி, அவசரப்படாமல் பார்த்து, நிமிடத்தோடு சொன்னார்.

ஸ்டோரில் பறக்கும் தேயிலைப் பஞ்சு எதற்குள்ளும் நுழைந்துவிடும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஹட்டனில் இருந்த, கடிகாரம் திருத்தும் வாச் பாஸிடம் கடிகாரத்தைக் கொடுத்துக் கழுவி எண்ணெய் போட்டு எடுப்பார். ஒரு பலகைக் கூண்டுக்குள் ஒற்றைக் கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி உட்கார்ந்திருக்கும் அந்த மனிதர், சீக்கோ 5 என்றால் முகம் மலர்வார். உதிரிப்பாகம் கிடைக்கும், திருகாணி ஒழுங்காகக் கழலும், திரும்பவும் ஓடும் என்பதுதான் காரணம். வேலை ஓய்ந்த பிறகு அப்பாவின் நடை குறைந்தது; கடிகாரமும் சில காலைகளில் நின்று கிடந்தது. எழுந்ததும் கையைப் பத்துப் பன்னிரண்டு தடவை வீசி அதை ஓடவைத்துவிட்டுத்தான் தேநீர் குடிக்க வருவார்.

1996இல் 7எஸ்26 என்ற புதிய இயந்திரம் வந்து, அதே வரிசை இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் மலிவாக விற்றது. 2019இல் சீக்கோ இந்த வரிசையைப் புதுப்பித்து, கையால் சாவி கொடுக்கவும் செக்கன் முள்ளை நிறுத்தவும் கூடிய 4ஆர்36 இயந்திரத்தைப் பொருத்தி, விலையையும் கணிசமாக உயர்த்தியது. கடிகாரம் நல்லது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சம்பளக்காரர் ஒருவர் சேமித்து வாங்கக்கூடிய இடத்திலிருந்து அது விலகிப் போனது எனக்கு வருத்தம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறிய பிறகு, தோட்டத்தில் எவரும் புதுச் சீக்கோவை வாங்கும் பேச்சே இல்லை. பழையதைத் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும்: பளிச்சென்ற வர்ணத்தில் முகப்பை மறுபடி அச்சிட்டு, வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து 'புதிது போன்றது' என்று விற்பவை மலிந்துவிட்டன. நானே இணையத்தில் அப்படியொன்றை வாங்கி ஏமாந்தேன். முகப்பின் அடியோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும் குறியீட்டின் தொடக்க எண்ணும் பின்மூடியில் உள்ள இயந்திர எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

அதே பின்மூடியில் பிறந்த தேதியும் இருக்கிறது. தொடரிலக்கத்தின் முதல் எண் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசெம்பருக்கு மட்டும் எண்ணுக்குப் பதிலாக அந்த மாதத்தின் ஆங்கில முதலெழுத்து. அப்பாவின் கடிகாரம் ஆறில் தொடங்கி நவம்பரின் எழுத்தில் தொடர்கிறது. 1986 நவம்பர். அத்தை அப்போது ஜித்தாவில் இரண்டாவது வருடத்தில் இருந்தார்.

போன மாதம் அதை மறுபடி கழுவ எண்ணிக் கொடுத்தபோது, கடையில் இருந்த இளைஞர் கிழமையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். வாங்கி வந்து கட்டாமல் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். அத்தை வீட்டுக்கு வந்திருந்த அன்றைக்குத்தான் எடுத்து, நான்கைந்து தடவை அசைத்து, நேரத்தை மட்டும் சரிசெய்து அவர் கையில் கொடுத்தேன். எழுபது வயது தாண்டிய அவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடிகாரத்தை முகத்தருகே கொண்டுபோய்ச் சாளரத்தை உற்றுப் பார்த்தார்.

"இதுல புதன்னு நிக்குது, தம்பி. இன்னைக்கு வெள்ளி. ரெண்டு நாள் தள்ளி வை."